குரல் மேல நிக்குதா? அப்ப கீயை ஏத்துங்க: ஜப்பான் கரோகே கேள்வி-பதில்

டோக்கியோ வந்து பதிமூணு வருஷமாச்சு, கரோகே ரூம் பக்கம் போகாத வாரம் ரொம்ப கம்மி. இங்க வேலைக்கு வர நம்ம பசங்க, ஆபீஸ் பார்ட்டி முடிஞ்சு நிஜிகாய்க்கு, அதாவது ரெண்டாவது ரவுண்டுக்கு இழுத்துட்டுப் போறாங்கன்னு தெரிஞ்ச உடனே எனக்குத்தான் மெசேஜ் போடுவாங்க. இந்தத் தடவை வந்ததுல பாதிக்கு மேல ஒரே மாதிரி, "அண்ணா என் குரல் கொஞ்சம் மேல நிக்கும், எந்தப் பாட்டு எடுக்கறது?" அதனால எல்லாத்துக்கும் சேர்த்தே எழுதிடறேன்.

இங்க எல்லாரும் "ஹை-ஏ, ஹை-ஏ"ன்னு சொல்றாங்க, அது என்ன? எனக்கு மேல் குரல்தானான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

ஹை-ஏன்னா பியானோவுல நடு ஸி-க்கு மேல வர ஏ, 440 ஹெர்ட்ஸ். ஜப்பான்ல பாட்டோட உயரத்தைப் பேசும்போது எல்லாரும் இந்தக் கணக்குலதான் பேசுவாங்க. சங்கீதம் கத்துக்கிட்டவங்களுக்கு ஈஸியா சொல்லணும்னா, ரெண்டு கட்டையில பாடறவருக்கு மேல் பஞ்சமம்தான் ஹை-ஏ. சாதாரண ஆண் குரல் அங்க போறதுக்கு முன்னாடியே திணற ஆரம்பிச்சிடும், இல்லேன்னா கள்ளக்குரலுக்கு, அதாவது மெல்லிசான பொய்க்குரலுக்குத் தாவிடும். நீங்க நெஞ்சுக்குரல்ல, அதாவது பேசற மாதிரி இயல்பான குரல்ல, கழுத்து நரம்பு புடைக்காம, "ஆ"ன்னு மட்டும் இல்ல "ஈ"ன்னும் அதைத் தொட முடியுதுன்னா உங்களுக்கு மேல் குரல்தான்.

ஆனா நான் முதல்ல பாக்கச் சொல்றது மேல் பக்கத்தை இல்ல, கீழ் பக்கத்தை. ஒரு கட்டை ஆதார ஸா-வுக்குக் கீழ இறங்கும்போது உங்க குரல் வெறும் காத்தா போயிடுதா? அதுதான் பாட்டு எடுக்கறப்ப உங்களைக் காலை வாரி விடப்போற இடம்.

ஃபுகுயாமா மாசாஹாரு பாட்டெல்லாம் ரொம்பப் பிடிக்கும். உச்சம் ஈஸியா எட்டுது, ஆனா பாடினா யாருமே கவனிக்க மாட்டேங்கறாங்க. ஏன்?

இதுக்குத்தான் மேல சொன்னேன். அவர் குரல் தாழ்ந்த குரல். 2000-ல வந்த "சகுராசாகா"வா இருக்கட்டும், 2011-ல வந்த "காசோகு நி நாரோயோ"வா இருக்கட்டும், பாட்டோட முன்பாதி, ஏ-மெரோன்னு சொல்வாங்க, அது கீழேயே உலாத்தும். அந்த இடத்துல அவர் குரல்ல ஒரு கனம் இருக்கும், உங்க குரல்ல அது வராது. கிட்டாருக்கு அடியில நீங்க முணுமுணுக்கற மாதிரிதான் கேக்கும், அப்புறம் சாபி, அதாவது பல்லவி மாதிரி வர உச்சப் பகுதி வரும்போது எல்லாரும் பேச்சு ஆரம்பிச்சிருப்பாங்க.

டென்மொகுவுல, பாட்டு தேடற அந்த டேப்லெட்ல, கீ, அதாவது பாட்டோட ஸ்ருதியை மாத்தற பட்டன் இருக்கு. ஒரு அமுக்கு ஒரு அரை ஸ்வரம். எல்லாரும் அதைக் குறைக்கத்தான்னு நினைச்சுக்கறாங்க, மேல் குரல்காரங்க ஏத்தணும்! ரெண்டு, மூணு அமுக்கு ஏத்திப் பாடிப் பாருங்க. முதல் வரியிலேயே உங்க குரல் பளிச்சுன்னு வெளிய வரும், டேபிள்ல கிளாஸை வெச்சுட்டு திரும்பிப் பாப்பாங்க. ஒரு பாட்டோட உச்ச ஸ்வரம் எதுன்னு பாத்து எடுக்காதீங்க, அந்தப் பாட்டு முக்கால்வாசி நேரம் எங்க உக்காந்திருக்குன்னு பாத்து எடுங்க, நான் இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கறது இது ஒண்ணுதான்.

எங்க மேனேஜருக்கு அறுபது வயசு. அவருக்குத் தெரிஞ்ச பாட்டா, என் குரலுக்கும் ஒத்து வர மாதிரி சொல்லுங்க.

உங்களுக்கு அதிர்ஷ்டம், அந்தக் காலத்துல மேல் குரல் ஆண்கள் நிறைய பேர் இருந்தாங்க. முதல்ல ஓடா காசுமாசா. 1947-ல பிறந்தவர், எழுபது தாண்டியும் மேடை ஏறினவர். அவரோட ஆஃப் கோர்ஸ் பேண்டு 1979-ல போட்ட "சயோனாரா", அப்புறம் அவர் தனியா 1991-ல பாடின "லவ் ஸ்டோரி வ டொட்சுசென் நி", இது ரெண்டும் தெரியாத அறுபது வயசுக்காரரை நான் பாத்ததில்லை. அவர் பாடறதுல கமகம், அசைவு எல்லாம் ரொம்ப கம்மி, நூல் பிடிச்ச மாதிரி நேரா போகும். நம்மாளுங்க பழக்கத்துல குழைச்சுப் பாடிடுவாங்க, அங்க அது எடுபடாது.

கிறிஸ்டல் கிங்கோட "டாய்டோகாய்" பத்தி நாலு பேர் கேட்டிருக்கீங்க. அதுவும் 1979தான், யமஹாவோட பாப்கான் போட்டியில முதல் பரிசு வாங்கின பாட்டு. பாட ஆரம்பிக்கற முதல் வரியே உச்சத்துல வெடிக்கும். ஆனா நிறைய பேர் கவனிக்காத விஷயம், அது ரெண்டு பேர் பாட்டு. உச்சக் குரல் டனாகா மாசாயுகி, தாழ்ந்த குரல் இன்னொருத்தர். தனியா எடுத்தா அந்தத் தாழ்ந்த வரிகள்ல நீங்க தொலைஞ்சு போவீங்க. மேனேஜர் கையில ஒரு மைக்கைக் குடுத்து அந்தப் பகுதியை அவரைப் பாடச் சொல்லுங்க, நான் அப்படிப் பண்ணப்ப எங்க மேனேஜர் எழுந்து நின்னு பாடினார், அந்த முகம் இன்னும் கண்ணுலயே இருக்கு. (டனாகாவுக்குப் பின்னாடி ஒரு பந்து தொண்டையில பட்டு அந்த உச்சக் குரலே போயிடுச்சு. அது தெரிஞ்சப்புறம் அந்தப் பாட்டைக் கேட்டாலே மனசு கனமாயிடும்.)

என்கா, அதாவது ஜப்பானோட பழைய பாணி சோகப் பாட்டு, அந்தப் பக்கம்னா ஹோசோகாவா தகாஷி, 1982-ல வந்த "கிதாசகாபா". கிராமியப் பாட்டும் பாடற குரல், வெண்கல மணி மாதிரி. பாட்டும் சுலபம், கைதட்டறதுக்கும் இடம் இருக்கு.

கிங் க்னூவோட "ஹகுஜிட்சு" பாடலாமா? உச்சம் எல்லாம் கள்ளக்குரல்ல எட்டிடறேன்.

எட்டறது வேற, ஆரம்பிக்கறது வேற. 2019-ல வந்த அந்தப் பாட்டு தொடங்கறதே கள்ளக்குரல்ல, இங்க உராகோயேன்னு சொல்வாங்க, பின்னாடி பியானோ மட்டும்தான். குரல் சூடாகறதுக்கு முன்னாடி எடுத்தா முதல் வார்த்தையே கரகரன்னு உடையும். நாலாவது அஞ்சாவது பாட்டா வெச்சுக்கங்க. நடுவுல அந்த பேண்டோட இன்னொரு பாடகர் டைகியோட தாழ்ந்த குரலும் வரும், அங்க ஒரு ஃப்ரெண்டைச் சேர்த்துக்கங்க.

கள்ளக்குரல் பழகணும்னா மோரியாமா நாவோதாரோவோட "சகுரா", 2003-ல வந்தது. நெஞ்சுக்குரல்லேருந்து தாவி திரும்ப இறங்கறது மெதுவா, தெளிவா கேக்கும், நிதானமா அந்தத் தாவற இடத்தைப் பழகலாம். ஹிகேதான் பேண்டோட "பிரிடெண்டர்" அதுக்கப்புறம். மூச்சு விட இடமே இல்லாம மேலயே நிக்கற பாட்டு, மேல் குரல்காரங்களுக்கும் கஷ்டம்தான், அதுல கீயைக் குறைக்கறதுல ஒரு தப்பும் இல்ல.

பொண்ணுங்க பாட்டை ஆம்பளை பாடினா சிரிப்பாங்களா?

சிரிக்க மாட்டாங்க, கவலையே வேணாம். 1972-ல பின்காரா டிரியோன்னு மூணு ஆம்பளைங்க ஒரு பொண்ணோட மனசா "ஒன்னா நோ மிச்சி" பாடி நாடே பைத்தியமா கேட்டுச்சு. டொகுனாகா ஹிதேஆகி 2005-லேருந்து "வோகலிஸ்ட்"னு ஆல்பம் ஆல்பமா பாடகிகளோட பாட்டையே எடுத்துப் பாடினார். அவர் குரலும் மேல் குரல்தான், அந்த மென்மைக்கு அவரைக் கேட்டுக் கத்துக்கங்க. சொல்லப்போனா உங்களுக்குப் பெரிய கதவு இதுதான். மத்த ஆம்பளைங்க ஓகுஷிதா, அதாவது ஒரு ஸ்தாயி கீழ போட்டுதான் பாடுவாங்க, நீங்க அப்படியே அசல் கீயில பாடலாம். நகாஜிமா மியுகியோட "இதோ", ஐம்யோனோட "மேரிகோல்ட்" ரெண்டுலயும் ஆரம்பிங்க, ரெண்டு பேருமே தாழ்ந்த பெண் குரல்.

மார்க் ஏன் வர மாட்டேங்குது?

டாம்ங்கற கரோகே மிஷினோட ஸ்கோரிங் உயரத்துக்கு மார்க் குடுக்காது. ஒரு ஸ்தாயி கீழ பாடினாலும் ஸ்வரம் சரியா இருந்தா சரிதான்னு எடுத்துக்கும். திரையில ஓடற கோட்டைப் பாருங்க, நம்மாளுங்களுக்குப் பெரும்பாலும் சறுக்கறது நீண்ட ஸ்வரத்தோட கடைசியில, மூச்சு தீர்ந்து கோட்டுக்குக் கீழ வழியும்.

கான்ஜி, அதாவது அந்தச் சீன எழுத்து, படிக்கத் தெரியாது.

அதுக்கு மேல சின்னதா ஹிராகானா, அதாவது உச்சரிப்பைக் காட்டற எளிய எழுத்து, போட்டிருக்கும், அது போதும். நமக்குக் குறில் நெடில் ரத்தத்துலயே இருக்கறதால உச்சரிப்பு சீக்கிரம் வந்துடும். பேசும்போது "சுகி"ல அந்த "உ" காணாமப் போகும், பாட்டுல அதுக்கும் தனியா ஒரு ஸ்வரம் உண்டு, அதை முழுங்கிடாதீங்க.

மூணு பாட்டு பாடினாலே தொண்டை எரியுது.

மேல் குரல் இருக்குன்னு தெரிஞ்சா எல்லாரும் உச்சப் பாட்டையே கேப்பாங்க, நாமளும் சந்தோஷத்துல வரிசையா எடுத்துடுவோம். நான் ஒரு டிசம்பர்ல, ரெண்டு பீருக்கப்புறம் அப்படித் தொடர்ந்து ஆறு பாட்டு பாடி ஒன்பது நாள் குரலே இல்லாம இருந்தேன், பயந்தே போயிட்டேன். எரியுதுன்னா அன்னிக்கு அதோட நிறுத்திடுங்க. மத்த நாள்ல ஒரு உச்சப் பாட்டுக்கு அப்புறம் ரெண்டு சும்மா பாட்டு, டிரிங்க் பார்ல ஐஸ் போடாத தண்ணி. ரெண்டு வாரம் ஓய்வு குடுத்தும் கரகரப்பு போகலேன்னா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டிடுங்க, இங்க அதை ஜிபிகான்னு கேட்டா வழி சொல்வாங்க.