ஆறாத புண்ணுக்கு நானோ இழைக் கட்டு போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை. உள்ளங்காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. கிருமியைக் கொல்லும் நானோ இழைக் கட்டு என்று ஒன்று வந்திருக்கிறதாமே, வாங்கிப் போடலாமா?

பதில்: முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்) கரைசலை ஊசி வழியாக மெதுவாகத் தள்ளி, ஊசிக்கும் எதிரே உள்ள தகட்டுக்கும் நடுவே பல்லாயிரம் வோல்ட் கொடுத்தால், ஊசிமுனைத் துளி நீண்டு, போகிற வழியிலேயே காய்ந்து, தலைமுடியைவிட நூறு மடங்குக்கும் மேல் மெல்லிய இழையாகத் தகட்டில் படியும். 1934-லேயே ஆன்டன் ஃபோர்மால்ஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், அப்போது நோக்கம் துணி நூல். இப்படிப் படிந்த படலம் நம் தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரத இழை வலையை ஒத்திருப்பதால் புது செல்கள் அதைப் பற்றி வளர முடிகிறது, காற்றும் போய்வருகிறது. இழைக்குள் வெள்ளி நுண்துகளோ ஆன்டிபயாட்டிக்கோ சேர்த்தால் கிருமியையும் கொல்லும்.

அருமையான வழிதான், எனக்கு இதில் நம்பிக்கையும் உண்டு. ஆனால் வெளிவரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டிலும் எலியிலும் நடந்தவை. எலியின் புண் தோல் சுருங்கியே மூடிக்கொள்ளும், மனிதப் புண் அப்படி ஆறுவதில்லை. மருந்தில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடுவதும் உண்டு. வெள்ளி அதிகமானால் புதிதாக வளரும் செல்லையும் அது விடாது.

அப்பா விஷயத்துக்கு வருவோம். சர்க்கரைக்காரர் பாதப்புண் ஆறுவதற்கென்று கிருமிநாசினிக் கட்டு போட வேண்டாம் என்றே 2023-ல் சர்வதேச நீரிழிவுப் பாதக் குழு வழிகாட்டியிருக்கிறது. வலி தெரியாத காலை ஊன்றி ஊன்றி நடப்பதால்தான் பெரும்பாலும் உள்ளங்கால் புண் ஆறுவதில்லை, அந்த அழுத்தத்தை எடுக்காமல் மேலே எந்தக் கட்டு போட்டும் பிரயோசனம் இல்லை. அழுத்தம் குறைக்கும் மாவுக்கட்டோ விசேஷக் காலணியோ வேண்டுமா, காலில் ரத்த ஓட்டம் எப்படி, எலும்பு வரை போயிருக்கிறதா, செத்த சதையை எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். காய்ச்சல், நாற்றம், பரவும் சிவப்பு, கறுப்பு எது தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: மஞ்சளில் உள்ள குர்குமினை வைத்தும் இந்த இழை செய்கிறார்களாம். அப்போ வீட்டு மஞ்சள்தூளையே பூசலாமே?

பதில்: வேண்டாம். குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால்தான் அதை இழைக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். அஞ்சறைப்பெட்டித் தூள் கிருமி நீக்கியதும் இல்லை. திறந்த புண்ணில் அப்பினால் உள்ளே என்ன நடக்கிறதென்றே டாக்டருக்குத் தெரியாமல் போகும்.