கைக்குழந்தைக்கு நீலகிரித் தைலம் தடவலாமா?

கேள்வி: பத்து மாதமான என் மகனுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கிறது. என் மாமியார் அவன் மார்பிலும் மூக்கின் கீழும் நீலகிரித் தைலம் தடவுகிறார். ஒரு சொட்டைச் சர்க்கரையில் விட்டு நாக்கில் வைத்தால் சளி அறுந்துவிடும் என்றும் சொல்கிறார். செய்யலாமா?

மருத்துவர் பதில்: நாக்கில் வைக்கவே கூடாது. தடவுவதையும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

யூகலிப்டஸ் இலையிலிருந்து வடிக்கப்படும் இந்தத் தைலத்தில் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல் இருப்பது யூகலிப்டால் என்னும் வேதிப்பொருள். அது மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் அடைப்பு விலகியதுபோல் தோன்றுகிறதே தவிர, வீங்கிய சவ்வு உண்மையில் வற்றுவதில்லை. பெரியவர்களுக்கு அந்த உணர்வே ஆறுதல்தான். கைக்குட்டையில் ஓரிரு சொட்டு விட்டு முகர்வதிலோ, தேங்காய் எண்ணெயில் கலந்து வலிக்கும் மூட்டில் தேய்ப்பதிலோ பொதுவாகத் தவறில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதன் நெடி இழுப்பைத் தூண்டலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் முகர்வதைக்கூடத் தவிர்ப்பது நல்லது.

கைக்குழந்தையின் நிலை வேறு. அதன் மூச்சுப்பாதை மிகக் குறுகியது. மூக்கருகே தடவிய தைலத்தின் கடுமையான ஆவி குரல்வளையைச் சுருங்கச் செய்து மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதையும், கற்பூரம் சேர்ந்த தைலங்களையும் நான் பரிந்துரைப்பதே இல்லை. விழுங்கினால் ஆபத்து இன்னும் பெரிது: ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். தைலப் புட்டியைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில், முடிந்தால் பூட்டி வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், சில மணி நேரம் கழித்தும் அறிகுறிகள் தோன்றலாம் என்பதால், புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், 108-ஐ அழைக்கலாம்.

உங்கள் மாமியாரின் அக்கறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே அக்கறையோடு அவர் செய்யக்கூடியது வேறொன்று உண்டு. பாலூட்டுவதற்குச் சற்று முன் இரு நாசியிலும், மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை விட்டு, இளகிய சளியை மெல்ல உறிஞ்சி எடுங்கள். தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். கொதிநீர் ஆவி மட்டும் வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் பலர்.

குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்பின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.