ரேடியோவைக் கண்டுபிடித்தது மார்க்கோனியா, இல்லையா?

பள்ளியில் மார்க்கோனி என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், ஆனால் பாதிக் கதை விட்டுப்போகும். ரேடியோவுக்கு அடிப்படையான மின்காந்த அலைகள் இருக்க வேண்டும் என்று 1860களில் கணக்குப் போட்டுச் சொன்னவர் மேக்ஸ்வெல். 1880களின் கடைசியில் ஹெர்ட்ஸ் தீப்பொறியை வைத்து அந்த அலைகளை உண்டாக்கி, அறைக்குள்ளேயே பிடித்தும் காட்டினார். அப்புறம் பிரான்சில் பிரான்லி, இங்கிலாந்தில் லாட்ஜ், ரஷ்யாவில் போபோவ், கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் என்று ஆளாளுக்கு ஒரு படி ஏறினார்கள். போஸ் மில்லிமீட்டர் கணக்கில் நீளமுள்ள குட்டி அலைகளில் வேலை செய்தார், அது அந்தக் காலத்துக்கு ரொம்பவே முன்னால் போன விஷயம்.

சரி, மார்க்கோனி என்னதான் செய்தார்? ஆன்டெனாவை உயர்த்தி, ஒரு முனையைத் தரையோடு இணைத்து, தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். 1896இல் பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, மறு வருடமே கம்பெனியும் தொடங்கிவிட்டார். 1901 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய மோர்ஸ் 'எஸ்' எழுத்தை அட்லாண்டிக்கைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார் (உண்மையிலேயே கேட்டாரா என்று இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை). 1909 இயற்பியல் நோபல் பரிசை ஜெர்மானிய இயற்பியலாளர் பிரவுனோடு பகிர்ந்துகொண்டார். 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அலைவரிசையைத் தேர்ந்து பிடிப்பது பற்றிய அவருடைய காப்புரிமையின் முக்கியப் பகுதிகள் செல்லாது என்றது, லாட்ஜ், டெஸ்லா, ஸ்டோன் ஆகியோரின் முந்தைய வேலைகளைக் காட்டி.

என்னைக் கேட்டால், அவர் கண்டுபிடிப்பாளர் என்பதைவிட அதை ஓட வைத்தவர். அதுவும் மோர்ஸ் புள்ளி-கோடு அனுப்பும் வெறும் தந்திதான். அலையில் மனிதக் குரலை ஏற்றியது ஃபெசெண்டன், 1900இல். ஃபிளெமிங்கும் டி ஃபாரெஸ்டும் வெற்றிடக் குழாய்களை (சிக்னலைப் பிடிக்கவும் பெருக்கவும் உதவிய காற்றில்லாத கண்ணாடிக் குழாய்கள்) கொண்டுவந்த பிறகுதான், 1920 வாக்கில் வீட்டில் உட்கார்ந்து கேட்கும் ஒலிபரப்பு பிறந்தது.