என் நாவலின் கதையை ஒரு வீடியோ கேம் நிறுவனம் எடுத்துவிட்டது. வழக்குப் போட்டால் ஜெயிக்க முடியுமா?

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த கேமில் இருப்பது உங்கள் கதையா, நீங்கள் எழுதிய வரிகளா? கதை மட்டும்தான் என்றால் பெரும்பாலும் கஷ்டம். வரி என்றால் ஒரு கை பார்க்கலாம்.

நான் வக்கீல் இல்லை. மலேசியாவின் பினாங்கில் இருக்கிறேன், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, கிடைக்கிற நேரத்தில் ஞாயிறு பதிப்புகளுக்குக் கதை எழுதுகிறவன். கேம் விளையாடவும் தெரியாது. "தெரியாதவன் எதற்குப் பதில் எழுதுகிறாய்" என்று யாராவது நிச்சயம் வருவார்கள். ஒரு கேம் கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். போதுமா?

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். சொந்தக் காசில் அச்சடித்த நாவல். வெளியீட்டு விழாவில் பொன்னாடை, மாலை, உறையில் வைத்துக் கொடுத்த ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகள். மிச்சப் பிரதிகள் கட்டிலுக்கு அடியில். திடீரென்று ஒரு நாள் யாரோ ஒரு பையன் டிரெய்லர் ஒன்றைக் காட்டுகிறான். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. சரிதானே?

அப்படித் தூக்கம் போனவர் அமெரிக்காவில் ஒருவர் உண்டு, ஜான் பெய்ஸ்வெங்கர். 'லிங்க்' என்று ஓர் அறிவியல் நாவல் எழுதியவர். மூதாதையரின் நினைவுகள் நமக்குள் பதிந்து கிடக்கின்றன, ஒரு கருவி இருந்தால் அவற்றைத் திரும்ப வாழ்ந்து பார்க்கலாம் என்பது அதன் கரு. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'அசாசின்ஸ் கிரீட்' கேமிலும் ஒருவனை இயந்திரத்தில் படுக்க வைத்து அவனுடைய முப்பாட்டன் காலத்துக்கு அனுப்புகிறார்கள். 2012 ஏப்ரலில் பென்சில்வேனியாவில் உள்ள கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 52 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வரை நஷ்டஈடு கேட்டார், அந்த வருடம் வரவிருந்த மூன்றாம் பாகத்துக்குத் தடையும் கேட்டார். மே மாதக் கடைசியில் அவரே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இடைப்பட்ட நாட்களில் கேம் ரசிகர்கள் அவருடைய நாவலைப் படித்தார்களோ இல்லையோ, அமேசானில் போய் ஒற்றை நட்சத்திரமாகக் குத்தித் தள்ளினார்கள். அந்த மனிதரைக் கிண்டல் செய்து இன்றைக்கும் எழுதுகிறார்கள். எனக்கு அவர்மேல் மரியாதைதான்.

மல்யுத்தம் பார்க்கிறவர்களுக்கு புக்கர் டி என்றால் தெரியும். அவர் தன் காமிக்ஸ் நாயகனின் உருவத்தை 'கால் ஆஃப் டியூட்டி' கேம் போஸ்டரில் நகல் எடுத்துவிட்டார்கள் என்று அதை வெளியிட்ட ஆக்டிவிஷன் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். டெக்சாஸில் ஜூரி முன் நடந்தது. 2021இல் ஜூரி கம்பெனி பக்கம் நின்றது.

இனி என் விஷயம். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். ஆயாக்கொட்டகையில் விடப்பட்ட ஒரு பெண் குழந்தை வளர்ந்து, காணாமல் போன தன் அம்மாவைத் தேடி ஆளில்லாத லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) திரும்பி வருவதாக ஒரு சிறுகதை எழுதினேன். ஒரு நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வந்தது. அதில் விடியுமுன் பிள்ளையைக் கொட்டகையில் விட்டுப் பால்மரம் வெட்டப் போகும் தாய் ஒரு தாலாட்டுப் பாடுவாள். நானே கட்டியது. (பெரட்டு என்றால் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு, மங்கு என்றால் மரத்தில் பால் வடியும் கிண்ணம்.)

பெரட்டுக்கு மணியடிச்சா பெத்தவ நான் போகணுமே
மங்கு நெறஞ்சு வரும், மடிப்பாலு வத்திருமே
சடைச்சி ஆயா மடியிலதான் சாஞ்சுறங்கு என் சாமி
சூரியன் ஏறுமுன்னே வந்துருவேன் நான் ஓடி

கதை அச்சில் வந்தபோது மூன்றாவது வரியில் 'சடைச்சி ஆயா' காணோம். 'சரசு ஆயா' என்று இருந்தது. பதிப்பாசிரியருக்குப் போன் போட்டேன். "சடைச்சின்னு போட்டா வாசகர்கள் சங்கடப்படுவாங்க சார்" என்றார். எந்த வாசகர்? தோட்டத்தில் சடைச்சி என்ற பேரில் வாழ்ந்து செத்த கிழவிகள் எத்தனை பேர்! அதற்கப்புறம் வெகுநாள் அந்தப் பத்திரிகைக்கு நான் எதுவும் அனுப்பவில்லை.

சில வருடம் கழித்து, பிறை என்ற ஊரில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா மகன் கைப்பேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். கோலாலம்பூரில் உள்ள ஒரு சின்னக் கம்பெனி தமிழில் செய்த கேம். இருட்டு லயம், கையில் அரிக்கேன் விளக்கோடு ஒரு பெண், அம்மாவைத் தேடுகிறாள். "மாமா, இது உங்க கதை மாதிரி இல்ல?" என்றான். கடைசிக் கட்டத்தில் ஒரு பெண் குரல் பாடியது. இயர்போனை வாங்கி என் காதில் வைத்துக்கொண்டேன். நான்கு வரியும் அப்படியே. மூன்றாவது வரியில் சரசு ஆயா.

ஜார்ஜ்டவுனில் லைட் ஸ்திரீட்டில், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் வக்கீல், நண்பரின் மகள். கதைக்கும் கேமுக்கும் உள்ள ஒற்றுமைகளை முழு நீளத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். லயம், விளக்கு, காணாமல் போன அம்மா, கங்காணியின் ஆவி, வற்றிப்போன கிணறு. அந்தப் பிள்ளை பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தது. "இது உங்களோடது இல்ல அங்கிள். தோட்டத்துல பொறந்த எல்லாருக்கும் இந்தக் கதை இருக்கு." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதுதான் சட்டம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 7ஆவது பிரிவிலேயே, வெறும் கருத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று எழுதியிருக்கிறது. அம்மாவைத் தேடும் பெண் என்பது கருத்து. 'மங்கு நெறஞ்சு வரும், மடிப்பாலு வத்திருமே' என்பது நான் எழுதியது. தாளில் கடைசியில் அடிபடாமல் நின்றது தாலாட்டு மட்டும்தான். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. பெய்ஸ்வெங்கர் கதையை எனக்குச் சொன்னதும் அதே பிள்ளைதான்.

நோட்டீஸ் போனது. பதில் வந்தது. அது தோட்டப்புற நாட்டுப்பாடலாம், பரம்பரையாகப் பாடிவருவதாம், யாருக்கும் சொந்தமில்லையாம். தமிழ்ப்பள்ளி விழா ஒன்றில் பிள்ளைகள் பாடிய வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியதாம், இசையமைத்த பையன் அதிலிருந்து எடுத்தானாம். படித்ததும் எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் வந்தது. பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

என்னிடம் இருந்தவை இரண்டு. சடைச்சி என்று என் கையெழுத்தில் உள்ள நோட்டுப் புத்தகம், சரசு என்று அச்சான பத்திரிகை நறுக்கு. பரம்பரையாக வந்த பாட்டில், ஒரு பதிப்பாசிரியர் ஒரு வாரம் தன் மேசையில் உட்கார்ந்து மாற்றிய பெயர் எப்படி வந்தது? வக்கீல் இரண்டையும் படியெடுத்து அனுப்பியதோடு நாட்டுப்பாடல் பேச்சு நின்றது. எவர் மாற்றினார் என்று பல்லைக் கடித்தேனோ அவர் மாற்றியதே எனக்குச் சாட்சி சொன்னது. (அவருக்கு நன்றி சொன்னேனா என்று கேட்காதீர்கள். சொல்லவில்லை.)

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். கம்பெனி முதலாளி என்று வந்தவனுக்கு என் அக்கா மகன் வயதுதான் இருக்கும். முதலில் "அண்ணே" என்றான், வக்கீலைப் பார்த்ததும் "ஐயா" ஆகிவிட்டேன். "யாரோடதுன்னு தெரிஞ்சிருந்தா கேட்டிருப்போம் ஐயா" என்றான். நம்பினேன். ஆனால் தெரியாமல் எடுத்தாலும் எடுத்தது எடுத்ததுதான். பணம் எவ்வளவு என்று எழுதக் கூடாது என ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதனால் விட்டுவிடுகிறேன். பெயர்ப் பட்டியலில் என் பெயர் வர வேண்டும் என்றேன், சரி என்றான். சரசுவை எடுத்துவிட்டுச் சடைச்சியைப் பாட வேண்டும் என்றேன். அவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் என்னைப் பார்த்தது. அடுத்த அப்டேட்டில் பாடகியை அழைத்து அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பாட வைத்து ஒட்டினார்கள். கூர்ந்து கேட்டால் மூன்றாவது வரியில் குரல் லேசாகக் கனத்து, பிறகு பழையபடி ஆவது தெரியும்.

இதற்காக என்னைத் திட்டியவர்கள் உண்டு. "நம்ம பையன் ஒருத்தன் கஷ்டப்பட்டுத் தமிழ்ல கேம் பண்றான், ஒரு நாலு வரிக்குப் போய் வக்கீல் நோட்டீசா?" என்று எழுத்தாளர் கூட்டத்திலேயே கேட்டார்கள். இங்கேயும் கேட்பீர்கள். பாடிய பெண்ணுக்குப் பணம் கொடுத்திருக்கிறான், படம் வரைந்தவனுக்குக் கொடுத்திருக்கிறான், புரோகிராம் எழுதியவனுக்குக் கொடுத்திருக்கிறான். எழுதியவன் மட்டும் தமிழுக்குச் சேவை செய்துவிட்டுப் போக வேண்டுமா?

இந்த ஊரில் எழுதத் தெரியும் என்று வெளியே சொல்லவே கூடாது. கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் எழுதிக் கொடு, கோயில் கும்பாபிஷேக மலருக்கு ஒரு கட்டுரை கொடு, தலைவருக்கு உரை எழுதிக் கொடு. கண்ணீர் அஞ்சலி வாசகத்தை ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்பார்கள். காலையில் அதே வீட்டில் பந்தல்காரருக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் எண்ணிக் கொடுப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என்னிடம் "நல்லா இருந்துச்சு, எல்லாரும் அழுதுட்டாங்க" என்பார்கள். சரி, இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. விடுங்கள்.

என் கதை எந்த மூலைக்கு என்று நினைப்பவர்களுக்காகப் பெரிய உதாரணமும் ஒன்று. ஜூடி ஜுராசெக் என்ற அமெரிக்கப் பெண்மணி கல், மரம், உலோகம், உடைந்த கண்ணாடி என்று பல்வேறு பரப்புகளைப் படமெடுத்து 1996இல் 'சர்ஃபேசஸ்' என்ற புத்தகமாகப் போட்டார். கூடவே ஒரு சிடி. தன் படங்களை 'ரெசிடென்ட் ஈவில் 4' உள்ளிட்ட கேம்களில் அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக 2021இல் அவற்றைச் செய்த கேப்காம் நிறுவனத்தின் மீது கனெக்டிகட்டில் வழக்குப் போட்டார். அந்த கேமின் தலைப்பெழுத்தில் உள்ள கண்ணாடி விரிசல்கூடத் தன்னுடையது என்றார். அதற்கு முந்தைய வருடம் கேப்காமின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் கோப்புகளை வெளியே விட்டிருந்தார்கள். அதில் ஓர் உலோகப் பரப்பின் படத்துக்கு, சிடியில் இருந்த அதே எம்.இ.009 என்ற கோப்புப் பெயர் அப்படியே இருந்தது. 2022 தொடக்கத்தில் இரு தரப்பும் சமரசமாக முடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்மணிக்கு அந்தக் கோப்புப் பெயர், எனக்குச் சரசு. நீங்கள் தேட வேண்டியது அப்படி ஒன்றை.

இன்னொன்று. யாராவது கேட்டு எழுதிக் கொடுத்தது என்றால் நிலைமை வேறு. நம் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, ஒருவர் பணித்து எழுதிய படைப்பின் உரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால், பணித்தவருக்கே போய்விடும். ஞாயிறு பதிப்புக்கு நானாக அனுப்பியதால் தப்பித்தேன். உரிமையை விற்பதாக இருந்தாலும் யோசித்து விற்க வேண்டும். போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி தன் 'விட்சர்' கதைகளைக் கேமாக்கும் உரிமையை ஒரு நிறுவனத்துக்கு 35,000 ஸ்லோட்டிக்கு (போலந்துப் பணம்) கொடுத்தார். லாபத்தில் பங்கு வேண்டாம், கையில் காசு கொடு என்றவர் அவரேதான். கேம் உலகம் முழுக்க ஓடிய பிறகு 2018இல் 6 கோடி ஸ்லோட்டி கேட்டுக் கடிதம் அனுப்பினார், 2019 டிசம்பரில் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பெரிய ஆள், பேசித் தீர்த்தார்கள். நமக்கு யார் பேசுவார்கள்?

பதிப்புரிமை எழுதிய உடனே தானாக வந்துவிடுகிறது, எங்கும் பதிந்தாக வேண்டியதில்லை. ஆனாலும் 2012 ஜூனிலிருந்து மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் விரும்பினால் அறிவிப்புச் செய்துகொள்ளலாம். படைப்பின் பிரதியோடு சத்தியப் பிரமாணமும் கொடுக்க வேண்டும். நீதிமன்றத்தில் அந்தப் பதிவு முதல்நிலைச் சான்றாக, அதாவது எதிராளி மறுத்து நிரூபிக்காத வரை ஏற்கப்படும் சான்றாக நிற்கும். தாலாட்டு விவகாரத்துக்குப் பிறகு என் தொகுப்புக்குச் செய்து வைத்திருக்கிறேன்.

ஆகவே நாவலையும் கேமையும் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகும் வரிகளை, வசனங்களை, நீங்களே உண்டாக்கிய பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். அவர் அடிக்கும்போது வாதாடாதீர்கள். தயவுசெய்து நாவலை எனக்கு பி.டி.எஃப்.பாக அனுப்பிப் படித்துச் சொல்லச் சொல்ல வேண்டாம். எந்தக் கடையில் கிடைக்கிறது என்று சொன்னால் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.