ரெண்டு பாஷையாலதான் பையனுக்குப் பேச்சு வரலையா?

கேள்வி: கல்யாணமாகி தஞ்சாவூர்லேர்ந்து தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்குற சாட்ஸ்வொர்த்துக்கு வந்தேன். பையனுக்கு ரெண்டரை வயசு, இருபது வார்த்தைகூட வரல. நான் தமிழ், மத்தவங்க எல்லாரும் இங்கிலீஷ். "தமிழ நிறுத்து, பிள்ளை குழம்புது"ன்றாங்க மாமியார். ஸ்பீச் தெரபிக்குப் போகணுமா, கொஞ்ச நாள் பொறுக்கலாமா?

பதில்: தங்கச்சி, தமிழ நிறுத்தாதீங்க, பொறுக்கவும் வேணாம். ரெண்டு பாஷை கேட்டு வளர்றதால எந்தப் பிள்ளைக்கும் பேச்சு தாமதமாகாது, தாமதம் இருந்தா அது ரெண்டு பாஷையிலயுமே தெரியும். அந்த இருபதுல இங்கிலீஷ் வார்த்தைகளையும் சேர்த்து எண்ணினீங்களா? பொதுவா 2 வயசுல ஒரு 50 வார்த்தை வரும், "அம்மா வா"ன்னு ரெண்டு வார்த்தை சேர்த்தும் சொல்ல ஆரம்பிப்பாங்க, அதனால இப்பவே காட்டுறதுதான் சரி.

முதல்ல காது டெஸ்ட். கூப்பிட்டா திரும்புறானேன்னு விட்டுடாதீங்க, அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்கு காதுக்குள்ள நீர் தேங்கும், சத்தம் கேக்கும் ஆனா பேச்சு மங்கலாத்தான் விழும். விரல் நீட்டிக் காட்டவே மாட்டேன்றான், சொல்லிட்டிருந்த வார்த்தையும் போயிடுச்சுன்னா இந்த வாரமே போங்க. ரோட் டு ஹெல்த் புக்கை (பிள்ளையோட தடுப்பூசி, வளர்ச்சியெல்லாம் எழுதுற புக்) எடுத்துட்டுப் பக்கத்து கிளினிக்குக்குப் போய் ரெஃபரல் கேளுங்க, பிரைவேட்டா பார்த்தா தெரபிஸ்ட் ஹெச்.பி.சி.எஸ்.ஏ-ல (மருத்துவத் துறையில வேலை பாக்குறவங்களைப் பதிவு பண்ற இந்நாட்டு கவுன்சில்) பதிஞ்சவங்களான்னு பாத்துக்குங்க.

தெரபிக்குப் போனா "சொல்லு, சொல்லு"ன்னு வாயப் பிடிச்சுப் பழக்குவாங்கன்னு பயப்படாதீங்க, பாக்க வெறும் விளையாட்டாத்தான் இருக்கும். அவன் காரை உருட்டினா அவங்களும் தரையில உக்காந்து உருட்டுவாங்க, "கார் போகுது"ம்பாங்க, அப்புறம் காரைப் பிடிச்சு வச்சுட்டு அவன் முகத்தையே பாத்துட்டு சும்மா இருப்பாங்க. அந்த சும்மா இருக்குறதுதான் பெரிய வேலை, ஏன்னா நாம அவன் கண்ணப் பாத்தே பாலக் கொடுத்துடுறோம், அவனுக்குக் கேக்கவேண்டிய அவசியமே வர்றதில்ல. வீட்டுல "பாலா, வாழைப்பழமா?"ன்னு ரெண்டையும் காட்டிக் கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, "பா"ன்னா போதும், "பால் வேணும், சூடா பால்"னு நீட்டிச் சொல்லிக் கொடுத்துடுங்க, திருத்தாதீங்க, திரும்பச் சொல்லச் சொல்லாதீங்க. கை நீட்டிக் காட்டினாலும் அது பேச்சுதான்னு எடுத்துக்குங்க, அதுலேர்ந்துதான் வார்த்தை வரும்.

போன், டிவி ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம். தெரபி அறையில உங்களையும் உள்ள உக்கார விடச் சொல்லுங்க, முடிஞ்சா மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க, தமிழப் பத்தி தெரபிஸ்ட்டே அவங்ககிட்ட சொல்லட்டும்.