கழுத்தில் டிஸ்க், விரலில் விறைப்பு

கேள்வி: ஒரு மாதமாகக் கழுத்திலிருந்து வலது நடுவிரல் வரை வலி, விறைப்பு. எம்.ஆர்.ஐ. ஸ்கானில் டிஸ்க் விலகல் என்கிறார்கள். ஒபரேஷன் செய்யத்தான் வேண்டுமா? (தையல்காரர், மானிப்பாய்)

பதில்: டிஸ்க் இடம்விட்டு ஓடிப்போவதில்லை. நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்தோல் கீறினால் உள்ளே இருக்கும் களி பிதுங்கும் அல்லவா? கழுத்தெலும்புகளுக்கு இடையில் உள்ள தட்டிலும் அதுதான் நடக்கிறது. பிதுங்கியது பக்கத்து நரம்பை நெரிப்பதால் வலி கைக்கு இறங்குகிறது. பெருவிரல் விறைத்தால் பெரும்பாலும் கழுத்திலிருந்து இறங்கும் 6ஆம் நரம்பு, நடுவிரல் என்றால் 7, சின்னவிரல் என்றால் 8. அதிகம் அகப்படுவது உங்களுடைய 7தான்.

பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில் சத்திரசிகிச்சை இல்லாமலே அடங்கிவிடும். பிதுங்கியதை உடலே மெல்லக் கரைப்பதும் உண்டு. அதுவரை வைத்தியர் தரும் வலி மாத்திரை, பிசியோ. மெஷினில் குனிந்தபடியே இருக்காமல் அரை மணிக்கு ஒருக்கால் எழும்புங்கள். வலி தாங்காதபோது அந்தக் கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துப் பாருங்கள், நரம்பின் இழுவை தளரும். (சிலர் என் அறைக்குள் வரும்போதே தலையில் கையோடுதான் வருவார்கள். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.)

ஸ்கானைவிட எனக்குக் கையின் பலம்தான் முக்கியம். வலியே இல்லாத எத்தனையோ பேரின் ஸ்கானிலும் டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும். ஆனால் கதிரையில் கையூன்றி எழும்ப முடியவில்லை, கத்தரிக்கோல் நழுவுகிறது என்றால் வாரக்கணக்குப் பார்க்காமல் உடனே காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வலி இல்லை. ஆனால் சட்டைப் பொத்தான் போட வரவில்லை, நடை தள்ளாடுகிறது. வயதுதானே? (கொக்குவில்)

பதில்: வயது என்று விட்டுவிடாதீர்கள். வலி இல்லாததுதான் இங்கே ஏமாற்றும். கழுத்தில் முள்ளந்தண்டு வடமே நெரிபட்டால் இப்படித்தான் தொடங்கும்: சோறு கையிலிருந்து சிந்தும், கால் கனக்கும், தலையைக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடித்தாற்போல் இருக்கும். நாளைக்கே யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். சிறுநீர் கட்டுப்படவில்லை, கைகால் திடீரெனச் சோர்கிறது என்றால் இன்றிரவே அவசரப் பிரிவுக்கு. இதில் சத்திரசிகிச்சை முக்கியமாக மேலும் மோசமாகாமல் தடுக்கத்தான். போன பலம் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: முறிவு நெரிவு வைத்தியரிடம் கழுத்தை நெட்டி முறிக்கலாமா? (சங்கானை)

பதில்: எண்ணெய் பூசுங்கள், ஒத்தடம் பிடியுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. கழுத்தைத் திருப்பி முறிக்க மட்டும் விடாதீர்கள். மூளைக்குப் போகும் இரத்தக்குழாயும் அந்த எலும்புகளுக்குள்ளால்தான் போகிறது. அரிதாக அது கிழிந்து பக்கவாதமே வந்திருக்கிறது.

கேள்வி: கழுத்துப்பட்டி எத்தனை மாதம் போடுவது? (சாவகச்சேரி)

பதில்: மாதமா? சில நாள் போதும். நீண்டால் தசை சோம்பிவிடும்.

கேள்வி: இடது கை வலி கழுத்தாலா, நெஞ்சாலா? (பருத்தித்துறை)

பதில்: கழுத்தைத் திருப்பும்போது கூடிக் குறைந்தால் கழுத்தாக இருக்கலாம். நெஞ்சு இறுக்கம், வியர்வை, படியேறினால் வரும் வலி என்றால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். சந்தேகம் என்றாலும் அதுவே. ஈசீஜி பார்த்து நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றால், சரி, அப்புறம் கழுத்தைப் பார்ப்போம்.