கன்டெய்னர் பாதுகாப்பு வேலைக்கு 85 ஆயிரம் கட்டிப் படிக்கலாமா?

கேள்வி: நான் பி.காம். சேலத்தில் ஒரு ஜவுளி ஏற்றுமதி கம்பெனி குடோனில் மூன்று வருடமாக டெஸ்பாட்ச் பார்க்கிறேன். ‘கன்டெய்னர் சேஃப்டி ஆபீசர்’ என்று ஆறு மாத டிப்ளமோ, 85 ஆயிரம் ரூபாய், முடித்ததும் சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை நிச்சயம் என்கிறார்கள். 5 ஆயிரம் முன்பணம் கட்டிவிட்டேன். மீதியைக் கட்டலாமா?
– கன்னங்குறிச்சி வாசகர்

பதில்: கட்டாதீர்கள் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தப் பெயரில் டிப்ளமோ வைத்திருக்கிறாயா என்று இந்தத் துறையில் யாரும் கேட்பதில்லை. கன்டெய்னர் பெட்டியைச் சோதித்துப் பார்க்கத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். அதைக் கற்றுக்கொள்ள உங்கள் குடோனே போதும். சரக்கு அமெரிக்காவுக்குப் போகிறது என்றால், 2001 தாக்குதலுக்குப் பிறகு அந்நாட்டுச் சுங்கத்துறை கொண்டுவந்த சி-டிபாட் என்ற சரக்குப் பாதுகாப்புத் திட்டத்தின் ஏழு இடச் சோதனைப் படிவம் உங்கள் மேஜையிலேயே கிடக்கும். முன்சுவர், இரண்டு பக்கச் சுவர், தரை, கூரை, கதவு, வெளிப்புறமும் அடிப்பாகமும். பல குடோன்களில் லாரி கேட்டுக்குள் வருவதற்கு முன்பே ஏழு டிக்கும் விழுந்திருக்கும். நீங்கள் அதை நாளையிலிருந்து உண்மையாக நிரப்புங்கள். காலிப் பெட்டியின் கதவைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள் (போன சரக்குக்கு அடித்த மருந்துப் புகை உள்ளே தங்கியிருக்கலாம், வாடையே இல்லாத மருந்தும் உண்டு), அப்புறம் உள்ளே போய், வெளியே ஆள் நிற்க, கதவைச் சாத்தச் சொல்லுங்கள். இருட்டில் எங்காவது பொட்டு வெளிச்சம் தெரிந்தால் அந்த வழியாக மழைத்தண்ணீர் இறங்கும். பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

கதவில் அடித்திருக்கும் தகட்டையும் படியுங்கள். கன்டெய்னர் பாதுகாப்புக்கான 1972 சர்வதேச ஒப்பந்தப்படி, செய்த தேதியிலிருந்து 5 வருடத்துக்குள் முதல் பரிசோதனை, அப்புறம் 30 மாதத்துக்கு ஒருமுறை. அல்லது தொடர் பரிசோதனைத் திட்டத்தின் முத்திரை இருக்க வேண்டும்.

சீல் விஷயத்தில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ‘எச்’ (உயர் பாதுகாப்பு) எழுத்து பொறித்த போல்ட் சீல் பத்திரமாக இருக்கும், நம்பரும் சரியாக இருக்கும், ஆனால் சரக்கு குறைந்திருக்கும். திருடன் சீலைத் தொடவே மாட்டான். கதவுக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டைக் கழற்றி எடுத்து, வேலை முடிந்ததும் வேறு ரிவெட் போட்டு, மேலே பெயின்ட் பூசிவிடுவான். சீலைப் பார்த்து, நம்பரைச் சரிபார்த்து, இழுத்து, திருகிப் பார்த்தபிறகு ரிவெட்டையும் விரலால் தடவுங்கள். பளபளவென்று புதுப் பெயின்ட் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சீலை டிரைவர் கையில் கொடுத்து அனுப்பும் கம்பெனி எதுவானாலும் அது தப்பு.

காசு கொடுத்துப் படிக்க வேண்டியது ஒன்று உண்டு: கடல்வழி ஆபத்தான சரக்குப் பயிற்சி. அந்தச் சரக்கைக் கையாளும் கரைப் பணியாளருக்கும் பயிற்சி கட்டாயம். நம் பக்கத்திலிருந்து போகும் தேங்காய்த் தொட்டிக்கரியை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்குள் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் அது. கப்பல்களில் இதனால் தீ விபத்துகள் நடந்திருக்கின்றன. முன்பெல்லாம் ஒரு சோதனைச் சான்று காட்டிச் சாதாரணச் சரக்காகவே அனுப்பினார்கள். அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள், 2026 ஜனவரி 1 முதல் கரி முழுக்க ஆபத்தான சரக்குதான். இந்தச் சரக்குக்கான விதிப்புத்தகம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது, அதனால் பழைய சான்றிதழை வைத்துக் காலம் தள்ள முடியாது, இதைப் படித்த ஆள் நம் மாவட்டங்களில் தேவைப்படுவார். மத்திய அரசின் கப்பல் இயக்குநரகம் அங்கீகரித்த இடம்தானா என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டு இதற்குக் கட்டுங்கள்.

இன்னொரு வழி சுங்கத் தரகர் அலுவலகம். அங்கே சேர்ந்து ஜி கார்டு (தரகர் சார்பில் சுங்க வேலை பார்க்கும் ஊழியருக்கான அட்டை) தேர்வு எழுதி, இரண்டு வருட அனுபவம் சேர்ந்தால் உங்களைப் போன்ற பட்டதாரி லைசென்ஸ் தேர்வுக்கே உட்காரலாம்.

சிங்கப்பூர் வேலை என்கிறவரிடம் இ-மைக்ரேட் (வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசுத் தளம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு பெற்ற ஏஜென்டே 30 ஆயிரமும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஏமாற்று இதோடு நிற்பதில்லை. ஏ.இ.ஓ. (நம்பகமான கம்பெனி என்று சுங்கத்துறை தருவது) அங்கீகாரத்துக்குச் சுங்கத்துறை ஒரு பைசா வாங்குவதில்லை, அதற்கும் கம்பெனிகளிடம் ‘அரசுக் கட்டணம்’ என்று கறப்பவர்கள் இருக்கிறார்கள். 2016 ஜூலையிலிருந்து ஏற்றுமதிப் பெட்டியின் எடையைச் சரிபார்த்துக் கொடுத்தே ஆகவேண்டும். எடைமேடைக்கே போகாத பெட்டிக்கும் சீட்டு அடித்துத் தருகிறார்கள். கேட்பார் இல்லை. கப்பலுக்கு ஒரு அலுவலகம், சுங்கத்துக்கு ஒன்று, வெளிநாட்டு வேலைக்கு ஒன்று. எந்த வேலைக்கு எந்தத் தகுதி என்று ஒரே இடத்தில் தமிழில் எழுதிவைக்க இவர்களில் யாருக்கும் இத்தனை வருடத்தில் மனம் வரவில்லை. அந்தச் சந்தில்தான் டிப்ளமோக் கடைகள் முளைக்கின்றன.

முன்பணத்தை விடாதீர்கள். வாயால் கேட்காமல், ரசீது நகலோடு எழுத்தில் கேட்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.